மூன்று சீட்டு விரித்த பிறகு...

திருநெல்வேலியில் திருச்செந்தூர் ரயில் ஏறினால் பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம் தாண்டி ஸ்ரீவைகுண்டம் வந்துவிடும். ஸ்டேஷன் தாமிரபரணிக்குத் தென்புறம், ஊரோ வடகரையில். ஆற்றைக் கடந்து, அணைக்கட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் நுழைய வேண்டும்.

நவதிருப்பதிகளில் ஒன்றான இவ்வூரில் மூலவர் வைகுண்டநாதர். உற்சவருக்குத் திருநாமம் என்ன தெரியுமோ? கள்ளபிரான்! காலதூஷகன் என்ற திருடன், களவில் பாதியைப் பெருமாளுக்கு என்று எடுத்து வைப்பானாம். ஒரு நாள் ஆபத்து வந்தபோது அவனுக்காகப் பெருமாளே திருடனாக வேஷம் போட்டு அரசன் முன் வந்து நின்றாராம். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, பக்கத்துத் தெருவில் தெரிந்தவர் வீட்டுக்குப் போனேன். அங்கே நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

கூடத்தில் பாய் விரித்து ஐந்து பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ரம்மி அல்ல, சகோதரிகளே, போக்கர்! நடுநாயகமாக எழுபது வயது ஆச்சி. எதிரே பேரன். பணம் கிடையாது, ஆளுக்கு ஐம்பது புளியமுத்து. முத்து தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். கடைசி வரை இருப்பவருக்கு ஒரு பொட்டலம் அல்வா. சின்னப் பந்தயத்தில் ஆடும் போக்கர் போட்டிகள் பலவும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

ஆட்டம் இதுதான்: ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. பிறகு மூன்று சீட்டை எல்லோருக்கும் பொதுவாக விரிப்பார்கள். அதற்கு 'ஃப்ளாப்' என்று பெயர். பின்னர் ஒவ்வொன்றாக இன்னும் இரண்டு. நடுநடுவே முத்து வைக்கலாம். வேண்டாமென்றால் சீட்டைக் கவிழ்த்து விலகலாம். மூன்று சீட்டு விரிந்ததும் பாதி தெரிகிறது, பாதி தெரியவில்லை. சாமர்த்தியமெல்லாம் அங்கேதான்.

நான் ஆச்சியின் பின்னால் உட்கார்ந்தேன். அவர் கையில் இரண்டு ராணிகள்! ஆளுக்கு நாலு முத்தாக நடுவில் இருபது சேர்ந்தது. மூன்று சீட்டும் விரிந்தன: ஆட்டின் ஆஸ், இஸ்பேட் எட்டு, இஸ்பேட் மூன்று. அடுத்த வீட்டு மதினி பத்து முத்தை எடுத்து வைத்தார். ஆச்சி பேசாமல் ராணிகளைக் கவிழ்த்துவிட்டார். எனக்கோ பதறிற்று!

பேரன் விடவில்லை. பத்து வைத்தான். நாலாவது சீட்டு விழுந்ததும் மதினி எல்லாவற்றையும் நகர்த்தினார், அவனும் நகர்த்தினான். ஐந்தாவதும் விழுந்தது. மதினியிடம் இன்னொரு ஆஸ் இருந்தது. அவனிடம் இருந்தவை இரண்டு இஸ்பேட்; ஐந்தாவது இஸ்பேட் கடைசி வரை வரவே இல்லை. பையன் பாயை விட்டு எழுந்தான்.

"ராணி ரெண்டையும் எப்படி ஆச்சி விட மனசு வந்தது?" என்றேன்.

"மதினி காலையில இருந்து வீம்புக்கு ஒரு முத்து வச்சிருக்காளா? அவ பத்து வச்சா கையில சரக்கு இருக்கு. ராணி அழகா இருந்தா ஆஸ் பயந்துருமா?" என்றார் ஆச்சி.

பேரனுக்குக் கணக்கும் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத சீட்டு நாற்பத்தேழு. அதில் இஸ்பேட் ஒன்பது. அடுத்த சீட்டிலேயே வருவதற்கு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அவன் வைத்ததோ முப்பது முத்தைப் பிடிக்கப் பத்து. அதற்கு நான்கில் ஒரு பங்காவது வேண்டும். இரண்டு சீட்டையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றில் ஒன்றைத் தாண்டும் என்பது வாஸ்தவம். ஆனால் அதற்குள் இன்னொரு முறை முத்து கேட்பார்களே! தவிர, முத்து இரட்டித்தால் அல்வா இரட்டிப்பதில்லை. முத்து தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும். சின்னப் போட்டிகளில் எதிராளி பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை, எளிதில் விலகுவதும் இல்லை. நல்ல சீட்டு இருந்தால் தைரியமாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வீம்பு கூடாது.

"நாலு முத்து ஏற்கெனவே போட்டுட்டேனே ஆச்சி" என்றான் பையன்.

"போட்டது போச்சுல. கையில இருக்கதுதான் நம்ம முத்து" என்றார் ஆச்சி.

அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. காரணம் பிறகு தெரிந்தது. முன்பு இந்தப் பிள்ளை கைபேசியில் பணம் வைத்துச் சீட்டாடி, விட்டதைப் பிடிக்கிறேன் என்று இரண்டு மாதச் சம்பளத்தையும் ஆச்சியின் ஒரு ஜதை வளையலையும் விட்டவனாம். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1967-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2023 நவம்பரில் சென்னை ஹைகோர்ட் ரம்மியையும் போக்கரையும் அவ்வாறே கருதியது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமோ, திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை யாரும் நடத்தவே கூடாதென்று சட்டம் செய்தது. ஆச்சியின் சட்டம் அதற்கும் முந்தியது: ஆடணுமா, என் கண் முன்னே ஆடு, புளியமுத்து வைத்து ஆடு!

"நம்ம ஸ்டேஷன்ல ரயிலை நிறுத்தினாங்களே, மறந்துட்டியா?" என்று அவனைக் கேட்டார். 2023 டிசம்பர் 17 இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ், சுமார் எண்ணூறு பயணிகளுடன் இங்கே நிறுத்தப்பட்டது. அப்பால் செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்தின் அடியில் ஜல்லியையே வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது! சுற்றிலும் தண்ணீர், அக்கம்பக்கத்து மக்கள் சோறு பொங்கிப் போட்டார்கள். 'டிக்கெட் வாங்கியாச்சு, கிளம்பியாச்சு' என்று அந்த வண்டி மேலே போயிருந்தால்? நினைக்கவே குலை நடுங்குகிறது.

சாயங்காலம் மறு ஆட்டம். பையன் நாலு முத்து போட்டான். மூன்று சீட்டு விரிந்தன. வெகு நேரம் பார்த்தான். பிறகு மெல்லத் தன் சீட்டைக் கவிழ்த்தான். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. வடைத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான்.

அன்று அல்வாவை ஜெயித்தவர் மதினி. நான் புறப்படும்போது அதில் பாதி ஆச்சி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கள்ளபிரான் ஊராயிற்றே!