'ஆனா'வுக்கு முன்னாடி ஒரு வெட்டு

நாடாளுமன்றத் தேர்தல் சமயத்துல எங்க தொகுதி வேட்பாளர் ஒருத்தருக்கு ஒன்றரை மாசம் ரீல் எடிட் பண்ணிக் கொடுத்தேன். கட்சி எதுன்னு சொல்லப்போறதில்லை. ரீலுக்கு 300 ரூபாய். ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கு ஆகும்னு போனேன்.

வேலை எளிதுதான். வேன்ல நின்னு அவர் பேசுறதை வாங்கி, 30 நொடிக்குள்ள அடக்கி, பின்னாடி ஒரு மியூசிக் போடணும். அப்புறம் 'டீக்கடை ஷாட்'. அவரும் நம்மள மாதிரி ஒருத்தர்னு தெரியணும்ல? "இயல்பா இருங்கண்ணே"ன்னு சொல்லிச் சொல்லி மூணு டேக் எடுத்தோம். மூணாவது டேக்குக்குள்ள டீ ஆறி ஆடை படிஞ்சிருச்சு. மனுஷன் அதையும் ரசிச்சுக் குடிச்சார்.

ஒருநாள் எங்க ஊர் ரயில்வே கேட் பக்கத்துல பேசினார். அந்தக் கேட்டை மூடினா இருபது நிமிஷம் போச்சு. எங்க அத்தை அதைத் தாண்டித்தான் ஸ்பின்னிங் மில்லுக்குப் போகணும். லேட்டானா அரை நாள் சம்பளம் கட். ஒவ்வொரு தேர்தலுக்கும் மேம்பாலம் கேட்டு மனு கொடுக்கிற ஊர் எங்களோடது.

அன்னைக்கு அவர் 11 நிமிஷம் பேசினார். உண்மையிலேயே நல்லா பேசினார். "மேம்பாலத்தை நான் கொண்டு வருவேன், ஆனா..."ன்னு ஆரம்பிச்சார். தண்டவாளத்துக்கு மேல வர்ற பகுதியை ரயில்வே கட்டும். ரெண்டு பக்கமும் ஏறி இறங்குற அணுகுசாலையை மாநில நெடுஞ்சாலைத் துறை போடணும். அதுக்கு நிலம் எடுக்கணும், அதுலதான் வருஷக்கணக்கா இழுக்கும். எம்.பி. டெல்லியில போய் அழுத்தம் கொடுக்கலாம், ஆனா நிலம் எடுக்கிற வேலை இங்க கலெக்டர் ஆபீஸ்ல நடக்கணும். எல்லாத்தையும் புட்டுப் புட்டு வச்சார். கூட்டம் கலையாம கேட்டுச்சு.

நான் 'ஆனா'வுக்கு முன்னாடி வெட்டினேன்.

யாரும் வெட்டச் சொல்லலை. 'ஆனா', 'ஏன்னா' வந்தாலே இழுவைன்னு என் கைக்குப் பழகிப் போயிருந்துச்சு. 28 நொடி ரீல். நான் போட்டதுலயே அதிகமா ஓடினது அதுதான். ஊர்ல பாதிப் பேர் ஸ்டேட்டஸ் வச்சாங்க.

அடுத்த செமஸ்டர்ல ரேடியோ வரலாறு பத்தி செமினார் எடுக்க வேண்டியிருந்துச்சு. அப்பதான் ரூஸ்வெல்ட்டோட பேச்சைக் கேட்டேன். 1933 மார்ச் 12, ஞாயிறு ராத்திரி. அமெரிக்காவுல வங்கியெல்லாம் மூடிக் கிடக்கு. அதிபராகி எட்டே நாளான மனுஷன் ரேடியோவுல வர்றார். நீங்க போட்ட பணத்தை வங்கி பெட்டியில பூட்டி வைக்கிறதில்லை, கடனா வெளிய கொடுத்திருக்கும், எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டா நல்ல வங்கியாலயும் கொடுக்க முடியாதுன்னு பொறுமையா சொல்றார். அதோட, எல்லா வங்கியும் திறக்கும்னோ யாருக்கும் நஷ்டம் வராதுன்னோ வாக்குக் கொடுக்க மாட்டேன்னும் சொல்றார். மொத்தமே 13 நிமிஷம் சொச்சம். மறுநாள்ல இருந்து வங்கிகள் திறந்தப்ப, எடுத்த பணத்தைத் திரும்பப் போட ஜனங்க வரிசையில நின்னாங்க.

அந்தப் பேச்சைத் தயாரிச்சதுல வேற ஆட்கள் கையும் இருந்துச்சு. போலியோவால தன்னால சரியா நடக்க முடியாதுங்கிறதைக்கூட அவர் கேமராவுக்குக் காட்டாமப் பார்த்துக்கிட்டவர். நம்ம டீக்கடை ஷாட் கணக்குல பார்த்தா அவ்வளவும் 'நடிப்பு'தான். ஆனா அந்த 'ஆனா'வை அவர் வெட்டலை. செமினார்ல இதைச் சொல்லும்போது என் குரல் இறங்கிடுச்சு. சாருக்குக் காரணம் தெரியாது.

போன மாசம் ஊருக்குப் போனப்ப அத்தை கேட்டுச்சு: "ஏன்டா, உங்க ஆளு பாலம் கொண்டு வர்றேன்னாரே, இன்னும் ஒரு கல்லுகூட விழலையே? எல்லாவனும் பொய்க்காரப் பசங்கதான்."

அவர் பொய் சொல்லலை அத்தைன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஹார்ட் டிஸ்க்ல முழு வீடியோ கிடந்துச்சு. எடுத்துப் போட்டேன். அத்தை கீரை ஆய்ஞ்சுக்கிட்டே 11 நிமிஷமும் கேட்டுச்சு. நடுவுல நிறுத்தி, "அந்த நிலம் எடுக்கிறதைத் திரும்பப் போடு"ன்னுச்சு.

முடிஞ்சதும் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "இவ்வளவு சொல்லியிருக்காரு, இதை ஏன்டா போடலை?"

நான்தான் வெட்டினேன்னு சொன்னேன். திட்டும்னு பார்த்தேன். "அப்ப நாம கலெக்டர் ஆபீஸ்லல்ல போய் நிக்கணும்"னு சொல்லிட்டு, திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதச் சொல்லி என் நோட்டுலயே ரெண்டு பேப்பர் கிழிச்சுக் கொடுத்துச்சு. ரெண்டு பேப்பரும் நிறைஞ்சிடுச்சு.