கவசம் வாங்கின கதை

கவச குண்டலங்களோடு பிறந்தவன் உலகத்திலே கர்ணன் ஒருவன்தான். மற்றவர்களெல்லாம் கடைக்குப் போய் விலை கொடுத்துத்தான் கவசம் வாங்க வேண்டியிருக்கிறது. நாற்பத்து மூன்றாவது வயதில் நானும் அப்படி ஒரு கடைக்குப் போய், முகத்துக்கும் மார்புக்கும் முழங்காலுக்கும் அளவு கொடுத்துக்கொண்டு நின்றேன். நான் போருக்குப் புறப்பட்டவன் அல்ல. பன்னிரண்டு வயதுப் பையன்கள் ஆடும் பந்தாட்டத்திலே நடுவராக நிற்கப் புறப்பட்டவன். "இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று நேயர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. முதலில் நானும் அப்படித்தான் கேட்டேன். அப்படிக் கேட்டதன் பலனை ஒரு குழந்தை அனுபவிக்க நேர்ந்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நான் அமெரிக்காவில், நியூ ஜெர்ஸி மாகாணத்திலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் கணித உபாத்தியாயர். நம் ஊருக்குக் கிரிக்கெட் எப்படியோ அப்படி அந்த நாட்டுக்குப் பேஸ்பால். பனி விலகி வசந்த காலம் வந்ததும் ஊர்தோறும் மைதானங்களில் பையன்கள் கூடிவிடுவார்கள். ஆடுகிறவர்களுக்குக் குறைவில்லை, பார்க்க வரும் தாய் தகப்பன்மார்களுக்கும் குறைவில்லை. குறைவெல்லாம் நடுவர்களுக்குத்தான். இரண்டு கட்சியாரிடமும் வசவு வாங்குகிற உத்தியோகத்துக்கு யார் முன்வருவார்கள்? "நீர் வாத்தியாராயிற்றே, பையன்கள் உம் பேச்சைக் கேட்பார்கள்" என்று சொல்லி என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சிறு பிராயத்தில் திருச்சியிலே கிரிக்கெட் ஆடியவன் என்ற கர்வம் எனக்கும் கொஞ்சம் இருந்தது. ஒப்புக்கொண்டேன். விதிப் புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். உடம்பின் மீது என்ன போட்டுக்கொள்வது என்பதைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை.

கிரிக்கெட்டில் பிரதான நடுவர் பந்து புறப்படும் பக்கத்தில் நிற்கிறார். பேஸ்பாலில் அவர் நிற்பது பந்து வந்து சேரும் பக்கத்தில். மட்டை பிடித்தவனுக்குப் பின்னால் 'காச்சர்' என்னும் பந்து பிடிப்பவன் குந்தியிருப்பான். அவன் தலைக்கருகே குனிந்து நின்று நடுவர் பார்க்க வேண்டும். தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட் என்ற தட்டு 17 அங்குல அகலம். மட்டைக்காரன் அடிக்காமல் விட்ட பந்து, அந்த அகலத்துக்கு மேலாக, அவனுடைய அக்குளுக்கும் முழங்காலுக்கும் இடையே போயிருந்தால் அது 'ஸ்டிரைக்', இல்லாவிட்டால் 'பால்'. மூன்று ஸ்டிரைக் விழுந்தால் அவன் அவுட். நான்கு பால் சேர்ந்தால் அவன் முதல் தளத்துக்கு நடந்து போகலாம். ஸ்டிரைக்கா, பாலா என்று அந்தக் கணத்திலேயே சொல்ல வேண்டியவர் நடுவர் ஒருவரே.

கணக்கு வாத்தியாராகையால் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரியவர்களின் ஆட்டத்தில் எறிகிறவனுக்கும் தட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். இந்தப் பையன்களுக்கு 46 அடி. மணிக்கு 60 மைல் வேகம் என்றால் விநாடிக்கு 88 அடி. ஆகவே பந்து வந்து சேர ஏறக்குறைய அரை விநாடிதான். பந்தின் எடை ஐந்து அவுன்ஸுக்குச் சற்று மேல். நேராக வரும் பந்தைக் காச்சர் பிடித்துக்கொள்வான், அதனால் தொந்தரவில்லை. மட்டையின் விளிம்பிலே உரசிக் கடைசி நொடியில் திசை மாறி வரும் பந்துதான் நடுவரைத் தேடி வருகிறது.

முதல் ஆட்டத்தன்று மைதானத்துப் பெட்டியிலிருந்து எனக்குச் சில பழைய சாமான்கள் எடுத்துக் கொடுத்தார்கள். முகமூடி என் முகத்துக்குப் பெரிது. தலையைத் திருப்பினால் அது திரும்பாமல் நின்றது. மார்புக் கவசம் ஒரு காச்சர் அணிந்து தேய்ந்தது. காலில் என் சொந்தக் கான்வாஸ் ஜோடு. மூன்றாவது சுற்றில் ஒரு பந்து மட்டையில் உரசி வந்து, கவசம் மூடாத இடமாகப் பார்த்து, என் காறை எலும்பின் மேல் விழுந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் உள்ளே வேறொன்று முறிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் என் கண்கள் என்னைக் கேட்காமலே மூடிக்கொண்டன.

கடைசிச் சுற்று வந்தது. ஆடுகிற கட்சி ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் அவுட். மூன்று தளங்களிலும் ஆட்கள். மட்டை பிடித்து நின்றவன் மெலிந்த ஒரு சின்னப் பையன். மூன்று பால், இரண்டு ஸ்டிரைக். இன்னொரு பால் என்றால் ஆட்டம் சமம். ஸ்டிரைக் என்றால் தோல்வி. பந்து புறப்பட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கையுறையில் பந்து விழும் சத்தம் கேட்டது. என் வலது கை உயர்ந்தது, என் வாய் "ஸ்டிரைக்!" என்று கூவிற்று. கண்ணைத் திறந்து பார்த்தபோது காச்சரின் கையுறை தரையை ஒட்டியிருந்தது.

பையன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நடந்து போனான். பந்தை அவன் பார்த்திருந்தான், நான் பார்க்கவில்லை. தீர்ப்புச் சொன்னவன் மட்டும் நான்.

திங்கட்கிழமை காலையில் அவன் என் வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். பின்னங்களைப் பற்றி என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. மணி அடித்ததும் அவனைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, அந்தப் பந்தை நான் பார்க்கவில்லை. பயந்து கண்ணை மூடிவிட்டேன். உனக்கு நான் செய்தது அநியாயம்" என்று சொன்னேன். அவன் கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவனோ மிகவும் சாதாரணமாக, "உங்கள் முகமூடி ஆடிக்கொண்டேயிருந்தது, ஸார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வேறு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திருவள்ளுவர் நடுவு நிலைமை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். வேண்டியவன், வேண்டாதவன் என்று பாராதிருப்பதுதான் அது என்று இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். விருப்பையும் வெறுப்பையும்போலப் பயமும் ஒரு பட்சபாதம் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. தன் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு நிற்கிறவனால் பிறருடைய நியாயத்தைப் பார்க்க முடியாது.

முப்பது வருஷம் நடுவராயிருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். விலைச்சீட்டை எடுத்துப் பார்த்த என்னைத் தடுத்து, "முதலில் அளவு, அப்புறம் விலை. பணம் குறைவானால் முகத்துக்கும் மார்புக்கும் செலவழியும், சட்டையிலும் தொப்பியிலும் மிச்சம் பிடியும்" என்றார்.

முகமூடியில் இரண்டு ஜாதி. கம்பிச் சட்டமும் மெத்தையும் கொண்டது ஒன்று. தலை முழுவதையும் மூடும் கவசத் தொப்பி மற்றொன்று. பின்னது உச்சந்தலையையும் காதுகளையும் காக்கிறது. ஆனால் கனம் அதிகம், வெயிலில் புழுங்கும், சட்டென்று கழற்றவும் வராது. முன்னது இலேசு. ஆட்டத்தின் போக்கைப் பார்க்க நடுவர் அதை இடது கையால் ஒரே இழுப்பில் கழற்ற வேண்டும். வலது கை தீர்ப்பைக் காட்டுவதற்காக ஓய்ந்திருக்க வேண்டும். நான் கம்பி முகமூடியையே எடுத்தேன். கிழவர் என் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொன்னார். முகமூடி முகத்தோடு திரும்ப வேண்டும். ஆனால் நெற்றியை இறுக்கித் தலைவலி தரக்கூடாது. தொண்டைக்குக் கீழே ஒரு காப்பும் தொங்க வேண்டும் என்றார். 1976-ல் ஸ்டீவ் ஈகர் என்ற பிரபல காச்சர் தம் முறைக்காகக் காத்து நின்றபோது, இன்னொருவருடைய மட்டை உடைந்து சிலாம்பு அவர் தொண்டையில் பாய்ந்தது. அதன் பிறகே அவருடைய அணியின் சிகிச்சையாளர் அந்தத் தொங்கும் காப்பைச் செய்து கொடுத்தார்.

அடுத்தது மார்புக் கவசம். காச்சருடைய கவசம் நடுவருக்கு ஏன் உதவாது என்று அங்கேதான் அறிந்தேன். பந்து தன்மேல் பட்டால் எங்கோ தெறித்துப் போகாமல் முன்னாலேயே விழ வேண்டும் என்பது காச்சரின் தேவை. அதனால் அது மிருதுவானது. நடுவருக்கோ பந்து எங்கே விழுந்தாலும் கவலையில்லை. அடி உள்ளே இறங்காமலிருக்க வேண்டும். அதனால் மெத்தையின் மேல் கெட்டித் தகடுகள் வைத்திருக்கிறார்கள். அது தொண்டைக்குழியின் அருகிலேயே தொடங்கி, இரண்டு காறை எலும்புகளையும் தோள்களையும் மூட வேண்டும். நின்றபடி போட்டுப் பார்த்தால் எல்லாம் பொருத்தமாகத்தான் இருக்கும். குனிந்து பார்த்தால்தான் இடைவெளி தெரியும். கடையின் நடுவே என்னைக் குனிந்து நிற்க வைத்து, கிழவர் என் காறை எலும்பின்மேல் விரலால் தட்டிப் பார்த்தார். நடுவர் இதைச் சட்டைக்குள்ளேயே அணிகிறார்; ஆகையால் சட்டை ஓர் அளவு பெரிதாயிருக்க வேண்டும்.

கால் கவசம் முழங்கால் முதல் பாதத்தின் மேற்புறம் வரை வருகிறது. அதன் கொக்கிகள் வெளிப்பக்கம் இருக்கும்படி மாட்ட வேண்டும். உட்பக்கம் இருந்தால் ஒன்றோடொன்று சிக்கி, நடுவர் குப்புற விழுவார். ஜோட்டின் நுனியில் எஃகும், மேலே ஒரு காப்பு மடலும் உண்டு. நாகரிகத்தை உத்தேசித்து நான் பெயர் சொல்லாமல் விடும் இன்னொரு கவசமும் உண்டு. அதை மறந்தவர் ஒரு தடவைதான் மறப்பார் என்றார் கிழவர்.

இவ்வளவையும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது என் மனைவி, "இது விளையாட்டா, குருக்ஷேத்திரமா? பையன்கள் சிரிக்க மாட்டார்களா?" என்று கேட்டாள். சிரித்த ஜனங்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். 1877-ல் ஹார்வர்டு கலாசாலை மாணவர்கள், கத்திச் சண்டைக்காரரின் முகமூடியைப் பார்த்துக் காச்சருக்கு ஒரு முகமூடி செய்தபோது, அதைப் பறவைக் கூண்டு என்றார்கள். 1907-ல் ரோஜர் பிரெஸ்னஹான் கால் கவசத்தோடு மைதானத்துக்கு வந்தபோது கூட்டம் கேலி செய்தது. இன்று அவையில்லாமல் எந்தப் பையனையும் அந்த இடத்தில் உட்கார விடுவதில்லை. நம் திண்டுக்கல்லிலேயே 2015 டிசம்பரில், தமிழ்நாட்டுக்கும் பஞ்சாபுக்கும் நடந்த ரஞ்சிப் பந்தயத்தில், ஜான் வார்டு என்ற ஆஸ்திரேலிய நடுவரின் தலையில் பந்து பட்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. அடுத்த மாதமே, கான்பெராவில் நடந்த இந்திய - ஆஸ்திரேலியப் பந்தயத்தில் அவர் தலைக்கவசத்தோடு வந்து நின்றார். ஓடிப் போகவில்லை, வந்து நின்றார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கிழவர் சொன்ன இன்னொரு விஷயம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. முற்காலத்து நடுவர்கள் காற்றடைத்த பெரிய மார்புக் கவசத்தைச் சட்டைக்கு வெளியே கையால் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பாரத்தோடு குனிய முடியாமல், காச்சரின் தலைக்கு மேலாகவே பந்தைப் பார்ப்பார்கள். 1905 முதல் 1941 வரை நடுவராயிருந்த பில் கிளெம் என்பவர்தான் சட்டைக்குள் அணியும் கவசத்துக்கு வழி காட்டியவர். அதை அணிந்தவர்கள் மட்டைக்காரனுக்கும் காச்சருக்கும் நடுவே தாழக் குனிந்து, தாழ்வாக வரும் பந்தையும் நன்றாகப் பார்க்க முடிந்தது. கவசம் மாறியதும் கண் நிற்கும் இடமே மாறிவிட்டது!

வீட்டுக்கு வந்து சாமான்களைப் பரப்பிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அத்தனை கவசமும் முன்பக்கத்துக்குத்தான், முதுகுக்கு ஒன்றுமில்லை. "பந்து வரும்போது முகத்தைத் திருப்பாதீர்; திருப்பினால் கவசம் இல்லாத இடத்தில் அடி விழும்" என்று கிழவர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. மார்பிலே புண்பட்டால் பெருமை, முதுகிலே பட்டால் பழி என்று நம் முன்னோர் கருதினார்கள். இந்தக் கவசமும் எதிர்த்து நிற்கிறவனுக்கே பயன்படும்படி செய்யப்பட்டிருக்கிறது. கோழைக்கு இதனால் பிரயோஜனமில்லை.

நான்கு வாரங்களுக்குப் பிறகு அதே பையனின் கட்சிக்கு மறுபடி நடுவராக நின்றேன். இரண்டாவது சுற்றில் ஒரு பந்து உரசி வந்து என் முகமூடியில் 'டங்' என்று மோதிற்று. கோயில் மணிக்குள் தலையை விட்டாற்போலிருந்தது. ஆனால் கண்கள் திறந்தேயிருந்தன. பந்தின் தையல்கூடத் தெரிந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தப் பையன் மட்டை பிடித்து வந்தான். விதியைப் பாருங்கள்: மறுபடியும் மூன்று பால், இரண்டு ஸ்டிரைக். பந்து அவன் முழங்காலுக்குச் சற்று மேலாக, தட்டின் ஓரத்தைத் தொட்டாற்போல் போயிற்று. அவன் அடிக்கவில்லை. அவனுக்கு நான் கடன்பட்டிருந்தேன் என்பது உண்மை. அந்தக் கடனை அந்தப் பந்தில் தீர்த்துவிடலாமே என்று ஒரு சபலம் எழுந்ததும் உண்மை. ஆனால் இந்தத் தடவை நான் பார்த்துவிட்டேன். பார்த்ததை மாற்றிச் சொல்ல எந்தக் கவசமும் உதவாது. வலது கையை உயர்த்தினேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். எனக்கு நெஞ்சு திக்கென்றது. மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "அது ஸ்டிரைக்தான், ஸார்" என்று சொல்லிவிட்டு நடந்து போனான்.