தேயிலை தெரிந்த கதை

வேலணையில், வங்களாவடிச் சந்திக்கு அருகே, எமது பழைய மாணவன் ஒருவன் சிறிய தேநீர்க்கடை ஒன்று திறக்க எண்ணினான். நயினாதீவுக்குச் செல்லும் அடியார்களும், வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு ஊர் வருவோரும் குறிகட்டுவான் துறைக்குப் போகும் வழியில் அங்கே இறங்கிக் களைப்பாறுவர் என்பது அவனது கணக்கு. "எல்லாக் கடையிலும் இருக்கிற தூள்தான் என்ரை கடையிலும் எண்டால் ஆர் வருவினம், மாஸ்ரர்? புதினமான தேயிலையாப் பாத்துத் தெரிஞ்சு தாங்கோ" என்று எம்மிடம் வந்து நின்றான். நாம் மூவர்; மூவரும் ஆசிரியத் தொழிலில் நரைத்தவர்கள். தேநீரைக் குடித்திருக்கிறோமேயன்றித் தேயிலையைத் தெரிந்தெடுத்ததில்லை. ஆயினும் மாணவன் கேட்டதை மறுக்க மனம் வரவில்லை.

எம்முள் ஒருவர் ஹற்றன் பக்கத்துப் பாடசாலையொன்றில் பத்தாண்டு கற்பித்தவர். அவருடைய நண்பர்கள் வழியாக ஐந்து பொதிகள் வந்து சேர்ந்தன. நுவரெலியாவின் மெல்லிய இலை ஒன்று. திம்புள்ளை இலை ஒன்று. ஆடி முதற் புரட்டாதி வரை வறண்ட காற்று வீசும் பருவத்திற் பறித்த ஊவா இலை ஒன்று. தென்னிலங்கையின் தாழ்நிலத்தில் விளைந்த கரிய, முறுகிய றுகுணு இலை ஒன்று. ஐந்தாவதாக, விரியாத மொட்டுக்களை மட்டும் கையாற் கிள்ளி உலர்த்திய 'வெள்ளி நுனி'. இந்நாட்டுத் தேயிலையிற் பெரும்பகுதி கப்பலேறிவிடும். நமது கடைகளுக்கு வருவது பெரும்பாலும் சல்லடையின் அடியில் விழும் தூளே. தேயிலையை முழு இலையாகக் காண்பதே எமக்குப் புதினமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை சோதனையைத் தொடங்கினோம். தேயிலைச் சுவைஞரின் முறைப்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் இலை. 6 நிமிட ஊறல். முதலில் நுவரெலியா இலை. பொன்னிறமாக இறங்கவேண்டிய சாயம் மங்கிப்போய், மேலே மெல்லிய ஆடை படர்ந்து நின்றது. குற்றம் இலையினதன்று, எமது கிணற்றினது. சுண்ணாம்புப் பாறையின் மேற் கிடக்கும் தீவு இது. மழைநீர் நிலத்துள் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதப்பதே எமது நன்னீர். கோடை முற்ற முற்ற அதுவும் சவர்த்துப் போகும். அந்த நீரிலுள்ள சுண்ணாம்பு தேயிலைச் சாயத்தோடு கூடி ஆடையாகிறது. மென்மையான இலையின் மணம் அதிலே மடிந்துவிடுகிறது.

வேடிக்கை பார்க்க வந்த அயலூர்ப் பெரியவர் ஒருவரிடம் ஒரு குவளையை நீட்டினோம். கடை வாசலில் நின்றபடியே ஒரு மிடறு குடித்துவிட்டு, "தம்பியவை, இது தேத்தண்ணியோ, சுடுதண்ணியோ?" என்றார். திம்புள்ளைக்கும் வெள்ளி நுனிக்கும் அதே தீர்ப்புத்தான். றுகுணு இலை மட்டும் சவர்நீருக்கு அஞ்சவில்லை; கறுத்து, கனத்து, பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு குடிப்பதற்கு ஏற்றதாக இருந்தது. தொட்டியிற் சேமித்த மழைநீரைக் கொதிக்கவைத்து ஊற்றியபோதுதான் ஊவா இலையின் மணம் எழுந்தது. இரண்டு இலை தெரிந்தாயிற்று.

அடுத்தது விலைப்பலகை. இலையின் பெயர், விளைந்த மலை, அதன் உயரம் யாவற்றையும் அழகாக எழுதவேண்டும் என்றான் மாணவன். "அப்படியென்றால் பறித்தவளுக்குக் கிடைத்ததையும் எழுதுவோம்" என்றார் ஹற்றனில் இருந்த நண்பர். றுகுணு இலை பெரும்பாலும் சிறு தோட்டக்காரரின் விளைச்சல். ஊவா இலை பெருந்தோட்டத்தினது. ஆகவே ஊவா இலைக்குக் கணக்குப் போட்டோம்.

பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து பறித்தாற்றான் முழுப் 'பேர்'. குறைந்தால் 'அரைப் பேர்', அதாவது அரைநாட் கூலி. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, காய்ந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. எனவே 18 கிலோ கொழுந்து 4 கிலோ தேயிலை. சிறு குவளைக்கு 2 கிராம் வீதம் அது 2000 குவளைத் தேநீர். 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்கூலி 1350 ரூபா. வகுத்துப் பார்த்தோம்: குவளையொன்றுக்கு 68 சதம்! ஆலை, விறகு, வண்டி, ஏலம் என்று வேறு செலவுகள் உண்டென்பதை நாம் அறியாதவரல்லர். எனினும் குவளைக்கு இன்னும் ஒரேயொரு ரூபா அவள் கைக்குப் போகுமாயின், அவளுடைய கூலி 3350 ரூபாவாகும் என்பதும் அதே கணக்குத்தான்.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதைப் பாடப் புத்தகத்திலே படிப்பித்தோம். தமிழகத்திலிருந்து வந்து மலைநாட்டைப் பசுமையாக்கிய மக்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்ததையும், எஞ்சிய நாடற்றோர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுவரை சட்டம் காத்திருந்ததையும் எத்தனை வகுப்புகளிற் படிப்பித்தோம்? தேயிலையை நாள்தோறும் குடித்த நாம், அதைப் பறித்தவரை அயலாராகவே எண்ணியிருந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டும்.

இந்த வெட்கம் தீருமுன் இன்னொன்றும் வந்தது. வாசலில் நின்ற பெரியவரை உள்ளே வந்து வாங்கில் அமருமாறு அழைத்தோம். அவர் சிரித்துக்கொண்டு, "நான் போத்தல் கொண்டுவர மறந்துபோனன், தம்பி" என்றார். மாணவனுக்கு அது விளங்கவில்லை. எமக்கு விளங்கிற்று.

யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒருகாலத்திலே குடிப்பவரின் சாதி பார்த்தே பாத்திரம் தெரிந்தெடுத்தார்கள். ஒடுக்கப்பட்டவர் உள்ளே நுழைய முடியாது. வெளியே நின்று சிரட்டையிலோ, தகரப் பேணியிலோ, போத்தலிலோ வாங்கிக் குடிக்கவேண்டும். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமென்றது. ஆயினும் பேணிகள் கடைவாசலிலிருந்து அகலவில்லை. 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸார் அதைத் தாக்கினர். அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் தோன்றியது. சங்கானை முதலிய இடங்களில் தேநீர்க்கடைக் கதவுகள் போராட்டத்தினாலேயே திறந்தன. உள்ளே அமர்ந்து ஒரு குவளை தேநீர் குடிப்பதற்காக உயிர் கொடுத்தவரும் இம்மண்ணில் உண்டு.

பெரியவர் அந்நாளில் இளைஞர். அவர் வாசலில் நின்றது வேடிக்கைக்கு மட்டுமன்று, பழக்கத்தினாலுமே என்பதை நாம் அறிந்தபோது, காலை முழுவதும் அவரை அங்கேயே நிற்கவிட்டு இலையைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்த எமது குற்றம் எம்மைச் சுட்டது. பேணி போயிற்று, அதைப் பிடித்திருந்த கையின் கூச்சம் போக இன்னும் எத்தனை காலம் ஆகுமோ!

வெள்ளி நுனியை வேண்டாமென்று முடிவுசெய்தோம். எமது நீருக்கும் அது ஒவ்வாது, எமது மக்களின் பைக்கும் ஒவ்வாது. கிணற்று நீருக்கு றுகுணு, மழைநீருக்கு ஊவா. இரண்டுக்கும் ஒரே விலை. காரில் வருபவருக்கும் கடலால் வருபவருக்கும் ஒரே குவளை. 68 சதக் கணக்கைப் பலகையில் எழுத மாணவன் முதலிலே தயங்கினான். "கணக்கைப் பாத்தால் சனத்துக்குக் குடிக்க மனம் வராது, மாஸ்ரர்." மனம் வராதவர் வேறு கடைக்குச் செல்லார், கூலியைப்பற்றிக் கேட்பார் என்று சொன்னோம். அவன் முழுதும் நம்பியதாகத் தெரியவில்லை. எனினும் பலகையின் அடியிலே, சற்றுச் சிறிய எழுத்தில் எழுதினான்.

கடை திறந்த அன்று பெரியவர் வந்தார். இம்முறை வாசலில் நிற்கவில்லை. நேரே வந்து முன்வாங்கில் அமர்ந்தார். பலகையை ஒருமுறை, பின்னும் ஒருமுறை வாசித்தார்.

"எழுத்துச் சின்னனாக் கிடக்கு, தம்பி. பெரிசா எழுது" என்றார்.