பூவுக்கா பரிசு, வளர்த்தவருக்கா?

மலர்க் கண்காட்சி என்றதும் நம்மில் பலருக்கு மே மாதத்து உதகைதான் நினைவுக்கு வரும். கார்னேஷன் பூக்களால் கட்டிய கோபுரமும் அதன்முன் நின்று படமெடுத்துக்கொள்ளும் கூட்டமும் கண்முன் நிற்கும். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இருக்கும் ஆர்கிட் சங்கங்கள் வசந்தத்தை ஒட்டி நடத்தும் கண்காட்சி அந்த ரகமல்ல. தேவாலயத்தை ஒட்டிய கூடம், பள்ளி அரங்கம், தாவரவியல் பூங்காவில் ஓர் அறை என்று கிடைத்த இடத்தில் மேசை போட்டு, கறுப்புத் துணி விரித்து, உறுப்பினர்கள் தங்கள் வீட்டுச் செடிகளைக் கொண்டுவந்து வைப்பார்கள். நடுவர்கள் சுற்றிவந்து முதலிடத்துக்கு நீல ரிப்பன், அடுத்ததற்குச் சிவப்பு, மூன்றாவதற்கு வெள்ளை என்று வைத்துவிட்டுப் போவார்கள். இவ்வளவு எளிய நிகழ்ச்சிக்காகச் சிலர் ஆண்டு முழுக்கப் படும் பாட்டைப் பார்த்தால், அந்த ரிப்பன் எதற்குப் போகவேண்டும் என்ற கேள்வி எழாமல் இராது. பூவின் அழகுக்கா, செடியை வளர்த்த கைக்கா? உள்ளூர்ச் சங்கத்தைப் பொறுத்தவரை வளர்த்த கைக்குத்தான் என்பது என் கட்சி. மேசைகளில் ரிப்பன் விழும் இடங்களைப் பார்த்தால், பாதி நேரம் பூதான் ஜெயிக்கிறது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் ஆர்கிட் உலகில் புதிதல்ல. 1921-இல் தொடங்கிய அமெரிக்க ஆர்கிட் சங்கம் பூவின் தரத்துக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. பொதுவான அளவுகோலில் வடிவத்துக்கு 30, நிறத்துக்கு 30, அளவு, இதழின் திண்மை, பூந்தண்டில் பூக்கள் அமைந்திருக்கும் ஒழுங்கு போன்ற மற்றவற்றுக்கு 40. மொத்தம் 75 வந்தால் ஒரு விருது, 80 தொட்டால் அதற்கு மேல் ஒன்று, 90 எட்டினால் முதல்தரச் சான்றிதழ். இந்த விருது செடியின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அந்தச் செடியைப் பிரித்து நட்ட துண்டு எந்த ஊருக்குப் போனாலும், யார் வாங்கினாலும், விருதும் கூடவே போகும். வளர்ப்புக்கென்று தனியாக ஒரு விருதும் உண்டு. செடியின் பருமன், ஆரோக்கியம், பூத்திருக்கும் அளவு ஆகியவற்றைப் பார்த்துக் கொடுப்பது. இது செடியோடு போவதில்லை, கொண்டுவந்தவருக்கே சொந்தம். அந்தச் செடியை அடுத்த ஆண்டு இன்னொருவர் வாங்கிக்கொண்டு போனாலும் விருது கைமாறாது. என் வாதத்தின் பாதி இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. ஆனால் ஊர்க் கண்காட்சிக்கு வரும் சாதாரண உறுப்பினருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. பார்வையாளருக்கோ சுத்தமாகத் தெரியாது.

பூவின் தரத்தை அளப்பது ஒரு காலத்தில் நியாயமாகவே இருந்தது. லண்டனில் அரச தோட்டக்கலைச் சங்கம் 1889-இல் ஆர்கிட்டுக்கென்று ஒரு குழுவை அமைத்தபோது, நல்ல பூ என்பது அபூர்வம். காட்டிலிருந்து கப்பலில் வந்த செடிகளில் ஆயிரத்தில் ஒன்று வித்தியாசமாகப் பூக்கும். அப்படிப் பூத்ததை அடையாளம் கண்டு பதிந்துவைப்பது பெரிய வேலை. நிறப் புகைப்படம் இல்லாத காலம் அது. எனவே விருது பெற்ற பூக்களை வரைவதற்கு 1897-இல் நெல்லி ராபர்ட்ஸ் என்ற இளம்பெண்ணை அமர்த்தினார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேல் அவர் வரைந்துகொண்டே இருந்தார். அன்று ஒரு பூவை வைத்திருப்பதே சாதனை. இந்த நிலைமையை இரண்டு கண்டுபிடிப்புகள் மாற்றின. ஆர்கிட் விதை தூசியைவிடச் சற்றுப் பெரியது, தனக்கென்று உணவு ஏதும் சேர்த்துவைக்காதது. காட்டில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். அந்தப் பூஞ்சை இல்லாமலே, சர்க்கரை கலந்த அகார் கூழில் முளைக்கவைக்கலாம் என்று 1922-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன் காட்டினார். 1960-இல் பிரான்சின் ஜார்ஜ் மொரேல், சிம்பிடியத்தின் தளிர்நுனியை எடுத்துத் திசு வளர்ப்பில் பெருக்கும் வழியை வெளியிட்டார். பிறகென்ன, விருது வாங்கிய செடியின் அச்சு அசலான படிகள் ஆயிரக்கணக்கில் வரத்தொடங்கின. இன்று தைவானிலும் நெதர்லாந்திலும் தொழிற்சாலை ஒழுங்கில் வளரும் ஃபலனாப்சிஸ் செடியை மளிகைக் கடையில் காய்கறியோடு சேர்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு வரலாம். அந்தப் பூ அழகானதுதான், குறையே சொல்லமுடியாது. அந்த அழகுக்காக அதை வாங்கிவந்தவருக்கு ரிப்பன் கொடுப்பது, கடையில் எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனவருக்கு நெசவுப் போட்டியில் பரிசு கொடுப்பது மாதிரி.

சரி, வளர்ப்பு என்று எதைச் சொல்கிறேன்? கண்காட்சிக்குத் தயாராவது அதற்கு முந்தின வாரத்தில் நடப்பதல்ல. மார்ச்சில் மேசைக்கு வரவேண்டிய ஃபலனாப்சிஸின் விதி இலையுதிர்காலத்திலேயே எழுதப்பட்டுவிடும். வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்கிச் சில வாரம் அப்படியே நின்றால்தான் அது பூந்தண்டு விடும். தண்டு தலைகாட்டியதிலிருந்து பூ விரிய மூன்று நான்கு மாதம் ஆகும். வீட்டை வெதுவெதுப்பாகவே வைத்திருப்பவருக்கு இலை மட்டும் மினுமினுக்கும், பூ வராது. சிம்பிடியத்துக்கு இன்னும் குளிர்ந்த இரவுகள் வேண்டும். அதற்காக இலையுதிர்காலத்தில் சட்டியை வெளியிலேயே விட்டுவைத்து, உறைபனி விழுவதற்குள் உள்ளே எடுப்பார்கள். நோபிலே வகை டென்ட்ரோபியம்தான் உண்மையான பரீட்சை. குளிர்காலத்தில் அதன் இலைகள் மஞ்சளாகி உதிரும்போது பார்க்கச் சகிக்காது. தண்ணீரைக் குறைத்து, உரத்தை நிறுத்தி, குளிரில் சும்மா விட்டுவிடவேண்டும். இரக்கப்பட்டு நீரும் தழைச்சத்தும் ஊற்றினால் பூமொட்டு வரவேண்டிய கணுவில் குட்டிச் செடி முளைக்கும். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரிவதும் இந்தக் கலையில் பெரும்பங்கு. எந்த நடுவரும் அதை நேராகப் பார்க்கமுடியாது, கணுவுக்குக் கணு மூன்று நான்காகப் பூத்து நிற்கும் தண்டிலிருந்து ஊகிக்கத்தான் முடியும்.

வசந்தக் கண்காட்சிகளில் அடிக்கடி தென்படும் சீலோஜைன் கிரிஸ்டாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். இமயமலைக்காரி. வெள்ளை வெளேரென்ற பூ, நடுவே மஞ்சள் மேடுகள். ஒரு தண்டில் பூத்ததைப் பார்த்தால் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அதையே பத்து ஆண்டு பிரிக்காமல், வேரைக் கலைக்காமல் வளர்த்து, முட்டை வடிவக் கிழங்குகள் சட்டியின் விளிம்பைத் தாண்டி வழிந்து, சுற்றிலும் கொத்துக் கொத்தாகப் பூ தொங்க ஒருவர் கொண்டுவந்து வைத்தால் கூடமே அந்தப் பக்கம் திரும்பும். இந்தச் செடிக்கு வேரைத் தொடுவது பிடிக்காது. சட்டி மாற்றினால் கோபித்துக்கொண்டு ஓரிரு பருவம் பூக்காமலே இருந்துவிடும். ஆனால் மாற்றாமல் விட்டாலும் உள்ளிருக்கும் மரப்பட்டைத் துண்டுகள் மக்கி, நீர் தேங்கி, வேர் அழுகும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான ஆண்டைத் தேர்ந்தெடுப்பதற்குக் கையேடு கிடையாது. பெரிய செடியைப் பிரித்து நண்பர்களுக்குக் கொடுக்கச் சொல்லும் தாராள மனத்தையும், சங்க ஏலத்துக்குத் துண்டு கேட்டு வருபவர்களையும் சமாளிக்கவேண்டும். இவ்வளவையும் கடந்து வந்த சட்டிக்குப் பக்கத்தில், போன மாதம் மொட்டோடு வாங்கிய கலப்பினம் ஒன்று பெரிய பூவைக் காட்டி நீல ரிப்பனைத் தட்டிக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசி வார ஒப்பனைக்கு வருகிறேன். செடியைத் துடைத்து, குச்சி கட்டி, அழுக்குச் சட்டியை நல்ல சட்டிக்குள் இறக்கி, மேலே பாசி பரப்பி வைப்பதெல்லாம் வேஷம் கட்டுவதுதானே, இதில் வளர்ப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இலையில் படிந்த உப்புக் கறையை எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்துப் பார்த்தால் பதில் தெரியும். பல மாதமாகச் செதில்பூச்சி குடியிருந்த இலை துடைத்தால் மறைவதில்லை, இன்னும் பளிச்சென்று தன் தழும்பைக் காட்டும். குச்சி கட்டுவதும் அப்படியே. ஃபலனாப்சிஸின் தண்டு வெளிச்சத்தை நோக்கிச் சாயும். ஒவ்வொரு மொட்டும் விரியும் முன் தன் காம்பைத் திருகிக்கொண்டு, உதடு எனப்படும் இதழ் கீழே வரும்படி அமரும். அந்த நாட்களில் சட்டியைத் திருப்பிவைத்தால் பாதிப் பூ கிழக்கே பார்க்கும், மீதி மேற்கே பார்க்கும். கடைசி வாரத்தில் எத்தனை குச்சியும் எத்தனை கிளிப்பும் வைத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. மொட்டு பயறளவு இருக்கும்போதே முட்டுக் கொடுத்து, அதன்பின் சட்டியை அசைக்காமல் வைத்தவர்தான் ஒரே வரிசையில் அடுக்கிய பூக்களைக் கொண்டுவருவார். ஆக, ஒப்பனை எதையும் மறைப்பதில்லை, நன்றாக வளர்ந்ததைத்தான் எடுத்துக் காட்டுகிறது. இலைக்கு மினுமினுப்புத் தைலம் பூசுவதையும், விரிந்துகொண்டிருக்கும் இதழை விரலால் நீவித் தட்டையாக்குவதையும் நான் இதில் சேர்க்கவில்லை. அவை ஏமாற்றுதான்.

போக்குவரத்தும் வளர்ப்பறிவைச் சோதிக்கும் இடமே. பழுத்த வாழைப்பழமும் ஆர்கிட் மொட்டும் ஒரே அறையில் இருந்தால் பழத்திலிருந்து வரும் எத்திலீன் மொட்டை உதிர்த்துவிடும். வண்டியில் ஏற்றும்போது பூவின் நடுவிலுள்ள சிறு தொப்பி இடறி மகரந்தத் திரள் கழன்றால், கருவுற்றதாக நினைத்துப் பூ சில நாளில் துவண்டுவிடும். அதனால்தான் பூக்களுக்கு நடுவே மெத்தென்ற பஞ்சை வைத்து, வண்டிக்குள் முன்கூட்டியே சூடேற்றி, முந்தின நாளே தண்ணீர் ஊற்றிக் கிளம்புகிறார்கள். ஒரு கடமையும் இதில் இருக்கிறது. மாவுப்பூச்சியோடு வரும் ஒரே சட்டி அந்த மேசையிலுள்ள மற்ற வீட்டுச் செடிகளுக்கும் அதைப் பரப்பிவிடும். சுடாத கத்தியால் காய்ந்த தண்டை நறுக்கிக்கொண்டே போனால் சிம்பிடியம் மொசைக் வைரஸ் சட்டிக்குச் சட்டி தாவும். அதற்கு மருந்து கிடையாது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்புகள் இரண்டு. வளர்ப்பைப் பார்த்துப் பரிசு கொடுத்தால், கண்ணாடிக் குடிலும் தானியங்கி ஈரப்பதக் கருவியும் வைத்திருக்கும் பணக்காரர்தானே ஜெயிப்பார் என்பது ஒன்று. இதில் உண்மை உண்டு. ஆனால் பூவின் தரத்துக்குப் பரிசு கொடுத்தாலும் விலையுயர்ந்த செடியை வாங்கக்கூடியவரே ஜெயிப்பார். முதல் அநியாயத்துக்காவது தீர்வு இருக்கிறது. ஜன்னலோரத்தில் வளர்ப்பவர்களுக்கும் விளக்கொளியில் வளர்ப்பவர்களுக்கும் தனிப் பிரிவு வைத்தால் போதும், சில சங்கங்கள் வைக்கவும் செய்கின்றன. மற்றது புதுக் கலப்பினங்களை உருவாக்குபவர்கள் எழுப்புவது. பூவை மதிப்பிடாவிட்டால் எந்தச் செடியை எதனோடு சேர்ப்பது என்று எப்படி முடிவுசெய்வோம் என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு கேட்லியா நாற்று முதல் பூ பூக்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். நூறு நாற்றை அத்தனை காலம் காப்பாற்றி அதில் ஒன்றைப் பொறுக்கியவருக்கு அந்தப் பூ தன் உழைப்பின் விளைவுதான். அவருக்குப் பூவின் தரத்துக்கான விருது கிடைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்கென்று பயிற்சி பெற்ற நடுவர்களும், அவர்கள் முறையாகக் கூடும் மையங்களும் இருக்கின்றன. ஊர்ச் சங்கத்தின் மேசை அந்த வேலைக்கான இடமல்ல. பொதுமக்கள் பூவைப் பார்க்கத்தானே வருகிறார்கள் என்று மூன்றாவதாக ஒன்றும் சொல்வார்கள். அவர்கள் வரட்டும், பூவையே பார்க்கட்டும். ஆனால் பூ வாடியபின் செடியைக் குப்பையில் போடும் பழக்கம் உள்ளவருக்கு, ஒரே செடியை இருபது ஆண்டு வைத்திருக்கலாம் என்று காட்டுவதைவிடப் பெரிய விளம்பரம் ஆர்கிட் சங்கத்துக்கு வேறென்ன வேண்டும்?

வளர்ப்பு விருதுக்குக் கொண்டுவருபவர் அந்தச் செடியைக் குறிப்பிட்ட காலமாவது தன் பராமரிப்பில் வைத்திருக்கவேண்டும் என்று பெரிய சங்கங்களில் விதி உண்டு. ஊர்க் கண்காட்சிகளும் எல்லாப் பிரிவுகளுக்கும் அதைக் கொண்டுவரலாம். நடுவர்கள் வளர்த்தவர் யாரென்று தெரியாமல் மதிப்பிடுவதுதான் முறை என்பதால் பெயர் வேண்டாம், பெயரில்லாமலே சில விவரங்களை எழுதலாம். பதிவுச் சீட்டில் செடியின் பெயருக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள். எந்த ஆண்டிலிருந்து இந்த வீட்டில் இருக்கிறது என்பது ஒரு வரி. ஜன்னலோரமா, விளக்கடியா, கண்ணாடிக் குடிலா என்பது இன்னொரு வரி. அடுத்த வசந்தக் கண்காட்சிக்குச் சீட்டு அச்சடிக்கும் சங்கங்கள் இதை இந்த ஆண்டே செய்துபார்க்கலாம். காசு ஒன்றும் கூடுதலாக ஆகாது.