வண்டி வராத வழியில் வடுகபட்டி

வடுகபட்டி என்றதுமே உங்களில் பலருக்குப் பூண்டு வாசனைதான் நினைவுக்கு வரும். தேனி மாவட்டத்தில், பெரியகுளத்தை ஒட்டி இருக்கும் சின்னப் பேரூர். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பூண்டு மலையை விட்டு இறங்கி விலைக்கு வருகிற பெரிய சந்தை இங்கேதான் கூடுகிறது. கவிஞர் வைரமுத்து வளர்ந்த ஊர் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது பூண்டைப் பற்றியும் அல்ல, பாட்டைப் பற்றியும் அல்ல. ஊரைச் சுற்றி ஓடுகிற மண் பாதைகளைப் பற்றி. அதில் சைக்கிள் ஓட்டுகிற சுகத்தைப் பற்றி!

எனக்கு அது பிறந்த ஊர். அரையாண்டு லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மார்கழி மாதம். பெரியகுளம் பக்கமாகப் போகும் திண்டுக்கல் – குமுளி நெடுஞ்சாலையில் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் ராப்பகலாக ஓடும் சமயம். ஊருக்குள்ளேயோ சந்தை நாள் வந்தால் லாரிகள். ரோட்டோரம் நடக்கவே பயமாக இருக்கும்போது சைக்கிளாவது, ஒன்றாவது என்றுதான் உங்களுக்கும் தோன்றும்.

ஆனால் வீட்டுக்குப் பின்புறமாகக் கொஞ்ச தூரம் போனால் தென்னந்தோப்பு. தோப்பைத் தாண்டினால் மாட்டுவண்டித் தடம். சரளையும் செம்மண்ணும் கலந்த பாதை. ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் வாழைத் தோட்டம். கொடைக்கானல் மலையில் பிறந்து வரும் வராக நதி பெரியகுளம், வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம் என்று ஓடி வைகையில் போய்ச் சேருகிறது. அந்த ஆற்றுப் பாசனத்துக்காக ஏற்பட்ட வாய்க்கால் கரைகளும், தோட்டத்துக்குப் போகிற தடங்களும்தான் நான் சொல்லும் பாதைகள். காலையில் அங்கே எதிரே வருவது மாடு, ஆடு, புல்லுக்கட்டு இவைதான்.

இந்தப் பாதையை எனக்குத் திரும்பவும் காட்டியவர் என் மதினி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மூன்று வருஷமாகச் சர்க்கரை. அதோடு முழங்கால் வலி. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"எங்கிட்டு நடக்க, சொல்லு? ரோட்டுல எறங்கினா லாரிக்குப் பயம். வீட்டுக்குள்ளயே எம்புட்டு நேரம் சுத்துறது? கால் மணி நேரத்துல முட்டி பிடிச்சுக்கிருது" என்றார்.

வீட்டில் ஒரு சைக்கிள் சும்மா கிடந்தது. பதினோராம் வகுப்பில் அண்ணன் மகளுக்கு அரசாங்கம் கொடுத்தது. அவள் மதுரையில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். போன கோடை லீவில் வந்தபோது, "அம்மா, நடக்க முடியலேன்னா மிதிச்சுப் பாரேன்" என்று தாயைத் தோப்புக்குப் பின்னால் கூட்டிப் போயிருக்கிறாள். மதினி சிறு வயதில் குரங்குப் பெடல் போட்டதோடு சரி. பத்து நாளில் பேலன்ஸ் வந்துவிட்டதாம்!

"ரோட்டுல பழகியிருந்தா ஒரே நாள்ல விட்டுருப்பேன். பின்னால ஹாரன் அடிச்சா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நாலு பேரு நின்னு வேடிக்கை பார்ப்பாங்கங்கிற கூச்சம் வேற. இங்க யாரு இருக்கா? தென்னமரந்தான் பாத்துச்சு!" என்று சிரித்தார்.

இப்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம். ஊர்ச் சங்கதி பேசிக்கொண்டே மிதிக்கிறார்கள். கடைசியாகப் பார்த்தபோது சர்க்கரை அளவு கொஞ்சம் இறங்கியிருந்ததாம். மாத்திரை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு எல்லாம் முன்போலவே தொடர்கிறது. "முன்னெல்லாம் மாடிப்படி ஏறக் கம்பியைப் பிடிப்பேன், இப்ப பிடிக்கிறதில்ல" என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஒரு நாள் எனக்கும் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக் கொடுத்தார்கள். விடிந்தும் விடியாத நேரம். வடக்கே கொடைக்கானல் மலை பனிக்குள் மறைந்திருந்தது. கோயில் ஒலிபெருக்கி தூரத்தில் கேட்டது. டயருக்குக் கீழே சரளைக்கல் நறநறவென்று பேசிக்கொண்டே வந்தது. வாழை இலையிலிருந்து பனி சொட்டுகிற சத்தம்கூடக் காதில் விழுந்ததென்றால் பாருங்களேன்! வெற்றிலைக் கொடிக்காலில் வேலைக்குப் போகிற ஒரு பாட்டி, "பாத்துப் போங்கத்தா" என்று ஒதுங்கி வழி விட்டார். சமையலையும் ஸ்கூல் பஸ்ஸையும் மறந்து அந்த மாதிரி ஒரு காலை எனக்குக் கிடைத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

நாம் சாதாரணமாக நினைக்கும் இப்படிப்பட்ட பாதைக்குப் பிரான்ஸ் நாட்டில் தனி மரியாதை. 'பசுமை வழி' என்று அவர்கள் மொழியில் பெயர். அங்கே மோட்டார் வண்டி நுழையக் கூடாது. சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்குமான வழி அது. பர்கண்டிப் பகுதியில் ரயில் நின்றுபோன ஒரு பழைய தடத்தையே 1997-ல் இப்படி மாற்றித் திறந்தார்கள். துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல்வரை சுமார் 240 கிலோமீட்டர் ஓடும் மிதி கால்வாய் 1681-ல் வெட்டி முடித்தது. அந்தக் காலத்தில் குதிரைகள் கரையில் நடந்து படகை இழுத்துச் செல்லும். அந்தக் குதிரைப் பாதையில்தான் இன்று குடும்பம் குடும்பமாகச் சைக்கிளில் போகிறார்கள். பல இடங்களில் இன்னும் மண்ணும் சரளையுமாகவே இருக்கிறது. கரையும் வாய்க்காலும் நமக்கும் இருக்கிறதே!

பெண்களும் சைக்கிளும் என்றால் நம் நாட்டிலேயே பெருமைப்பட ஒரு கதை உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்ற கிராமத்துப் பெண்கள் ஆயிரமாயிரமாகச் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய ஊக்கம் கொடுத்தார். தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்கிற தைரியம் அவர்களுக்கு வந்தது. பிறகு 2001-02-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று தமிழக அரசு தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-06 முதல் மற்ற பிள்ளைகளுக்கும் விரிந்தது. அப்படி வந்த சைக்கிள் ஒன்று உங்கள் வீட்டிலும் கிடக்கலாம். தூசி தட்டிப் பாருங்கள்.

ஓட்ட ஆசைப்படும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு சைக்கிள் ஏன் சௌகரியம்? நடக்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் காலில் இறங்குகிறது. சைக்கிளில் பெரும்பங்கை சீட் தாங்கிக்கொள்கிறது. ஆனால் சீட் தாழ்வாக இருந்தால் முட்டி அதிகமாக மடங்கி வலி கூடும். சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடியில் நிறுத்தி, குதிகாலை வைத்துப் பாருங்கள். கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். பழகுகிற நாட்களில் மட்டும் காலைத் தரையில் ஊன்றும்படி கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளலாம்.

சரளையில் முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்தால் சறுக்கும். பின் பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். திருப்பத்தில் வேகம் வேண்டாம். கருவேல முள் பஞ்சராக்கிவிடும். தடத்தின் நடுவே பார்த்து ஓட்டுங்கள். துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். சேலை என்றால் செயின் கவரும் பின்சக்கரத்துக்கு வலையும் அவசியம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் போகாதீர்கள். பையில் கொஞ்சம் கல்கண்டு இருக்கட்டும். பாதத்தை மூடும் செருப்பு போடுங்கள். பிரசவமான தாய்மார்களும், ஆபரேஷன் ஆனவர்களும், அடியிறக்கம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டாம். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு வேகம் போதும். வாரத்துக்கு 150 நிமிடம் இப்படி உடம்பு அசைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. துணைக்கு ஒருவராவது கூட வரட்டும்.

ஒரே ஒரு கவலை. இந்தத் தடங்களுக்கும் தார் போட வேண்டும் என்று பேச்சு இருக்கிறது. தோட்டக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. வாழைத்தார் அடிபடாமல் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டுமே! ஆனால், "தார் விழுந்தா குறுக்கு வழின்னு வண்டியெல்லாம் இங்கிட்டுத் திரும்பிரும். அப்புறம் நான் எங்கிட்டுப் போக?" என்று மதினி கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. தோட்டத்துக்குப் போகும் தடம் தாராகட்டும். வாய்க்கால் கரை ஒன்றாவது மண்ணாகவே இருக்கட்டும், அதன் வாயில் இரண்டு கல் நட்டு மோட்டார் வண்டியைத் தடுக்கட்டும். பிரான்ஸில் செய்வதும் ஏறக்குறைய இதுதான். பெரிய செலவில்லை. மதினியும் அவர் தோழிகளும் வார்டு உறுப்பினரைப் பார்த்து இதைச் சொல்லப் போகிறார்கள்.

உங்கள் ஊரிலும் கண்மாய்க் கரையோ, வாய்க்கால் கரையோ, பழைய வண்டித்தடமோ ஒன்று இல்லாமலா போகும்? இந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள்!