இல்லாத பக்கத்துக்கு ஓர் இணைப்பு

விக்கி மென்பொருள் ஒன்றைச் சொந்தக் கணினியிலோ கல்லூரிச் சர்வரிலோ நிறுவிப் பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் கிடைத்திருக்கும். தரவுத்தளம், கடவுச்சொல் எல்லாம் கொடுத்து முடித்ததும் முதற்பக்கம் அழகாக வந்து நிற்கும். சரி, இதில் எப்படி எழுதுவது என்று பார்ப்போம் என்று ஓரத்தில் இருக்கும் "உதவி"யைச் சொடுக்கினால், அப்படி ஒரு பக்கமே இல்லை, வேண்டுமானால் நீங்களே எழுதலாம் என்று பதில் வரும். மீடியாவிக்கியின் பழைய பதிப்புகளில் பல ஆண்டுகள் இதுதான் நிலைமை. உதவி கேட்டு வந்தவரிடமே உதவிப் பக்கத்தை எழுதித் தரச் சொல்வது! கிணற்றில் விழுந்து கத்துகிறவனிடம் நீச்சல் பாடம் எழுதிக் கேட்ட மாதிரி :-)

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் இந்தக் கூத்துக்குப் பின்னால் உண்மையிலேயே நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. அது பிறந்த இடம் வேறு, இப்போது வந்து மாட்டிக்கொண்ட இடம் வேறு.

1995 மார்ச் 25 அன்று வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் ஒரு தளத்தைத் திறந்தார். நிரல் எழுதும் வழிமுறைகளைப் பற்றி நிரலாளர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வதற்கான இடம் அது. பெர்ல் மொழியில் எழுதிய சின்ன நிரல். ஹோனலுலு விமான நிலையத்துப் பேருந்தின் பெயரைத் தளத்துக்கு வைத்தார். (ஹவாய் மொழியில் "விக்கி" என்றால் சீக்கிரம். தமிழ் விக்கலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

அந்தத் தளத்தில் இணைப்பு கொடுக்க எச்டிஎம்எல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு ஆங்கிலச் சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டி, ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாகப் போட்டால் போதும், அது தானாகவே இணைப்பாகிவிடும். நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் பெரிய எழுத்து ஒட்டகத் திமில் போல இருப்பதால் இந்த எழுத்துமுறைக்குக் கேமல்கேஸ் என்று பெயர். இங்கே எழுதிக் காட்டலாம் என்றால் வழியில்லை. ஏன் என்பது பிறகு.

அந்தப் பெயரில் பக்கம் ஏற்கெனவே இருந்தால் சொல்லே இணைப்பாகும். இல்லையென்றால் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி தோன்றும். கேள்விக்குறியைச் சொடுக்கினால் எழுதுவதற்கு வெற்றுப் பெட்டி. அவ்வளவுதான். இதன் அருமை புரிய வேண்டுமானால் சாதாரண வலைப்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே இணைப்பு செத்துப்போயிருப்பது சொடுக்கிய பிறகுதான் தெரியும், 404 என்று ஒரு பக்கம் வந்து கையை விரிக்கும். விக்கி அதை முன்னாடியே சொல்லிவிடுகிறது. "இதைப் பற்றி யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்" என்று ஒருவர் போட்டுவிட்டுப் போன குறி அது. இன்னொருவர் வந்து எழுதுவார்.

எழுதவும் செய்தார்கள். ஏதென்ஸைச் சேர்ந்த டியோமிடிஸ் ஸ்பினெல்லிஸ், பானோஸ் லூரிடாஸ் இருவரும் விக்கிபீடியாவின் வரலாற்றை அலசி 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புதிய கட்டுரைகளில் பெரும்பாலானவை, வேறொரு கட்டுரையில் அவற்றுக்கு இணைப்பு விழுந்து கொஞ்ச நாளிலேயே பிறக்கின்றன, அதுவும் இணைப்பு போட்டவர் ஒருவர், எழுதுபவர் பெரும்பாலும் வேறொருவர் என்று அதில் தெரிய வந்தது. சிவப்பு இணைப்புகளைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். அசிங்கமாக இருக்கிறது என்று அவற்றை அழித்துவிட்டுப் போகிறவர்கள் எல்லா விக்கியிலும் உண்டு.

மீடியாவிக்கியின் உள்ளேயும் இது தொடர்பாக ஒரு சுவையான மாற்றம் நடந்தது. முன்பெல்லாம் இருக்கும் பக்கங்களுக்கான இணைப்புகளை ஓர் அட்டவணையிலும், இல்லாத பக்கங்களுக்கான "உடைந்த" இணைப்புகளை இன்னொரு அட்டவணையிலும் தனித்தனியாக வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் புதிதாகப் பிறந்தால் அங்கிருந்து இங்கே வரிகளை மாற்ற வேண்டும். 2005இல் வந்த 1.5 பதிப்பில் இரண்டையும் ஒரே அட்டவணையாக்கிவிட்டார்கள். இணைப்பு என்றால் ஒரு பெயரைக் காட்டுவது, அந்தப் பெயரில் ஆள் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி என்று ஆகிவிட்டது. இல்லாத பக்கங்களுக்கு எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று வரிசைப்படுத்திக் காட்டும் பட்டியலும் அதிலேயே உண்டு. (அதை அப்படியே நம்ப வேண்டாம். ஆயிரம் கட்டுரைகளில் ஒட்டப்பட்ட ஒரே ஒரு வார்ப்புருவில் ஒரு சிவப்பு இணைப்பு இருந்தால் போதும், அது பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிடும்.)

சரி, நல்லதெல்லாம் சொல்லியாயிற்று. தொல்லைக்கு வருவோம்.

ஒரு சொல் இணைப்பாக வேண்டுமா என்பதை எழுத்தின் வடிவத்தைப் பார்த்து நிரலே முடிவு செய்தால் என்ன ஆகும்? ஜாவாஸ்கிரிப்ட் என்று ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் ஒரு பெரிய எழுத்து வரும், உடனே அது இணைப்பாகும். மெக்டொனால்டு என்ற குடும்பப் பெயருக்கும் அதே கதி. எழுதியவர் அதைப் பற்றிப் பக்கம் வேண்டும் என்று கேட்கவே இல்லை, ஆனாலும் பக்கத்தில் கேள்விக்குறி நிற்கும். மறுபக்கம், உண்மையிலேயே பக்கம் வேண்டிய ஒற்றைச் சொற்களுக்கு இணைப்பு கிடைக்காது. 2001 ஜனவரி 15 அன்று ஆரம்பித்த விக்கிபீடியா, கிளிஃபோர்டு ஆடம்ஸ் எழுதிய யூஸ்மாட்விக்கி என்ற மென்பொருளில்தான் ஓடியது. அங்கும் இதே விதி. அல்ஜீரியா என்ற நாட்டுக்குப் பக்கம் வேண்டும் என்பதற்காக அந்தச் சொல்லின் கடைசி எழுத்தையும் பெரிய எழுத்தாக்கி எழுதினார்கள். பார்க்கவே பரிதாபமாக இருக்கும். அந்த ஆண்டிலேயே இரட்டைச் சதுர அடைப்புக்குறி வந்தது. 2002 ஜனவரியில் மாக்னுஸ் மான்ஸ்கே எழுதிய புதிய மென்பொருளுக்கு விக்கிபீடியா மாறியபோது கேமல்கேஸ் விடைபெற்றது. அதிலிருந்து, இது இணைப்பு என்று மனிதர் கையால் அடைப்புக்குறி போட்டால்தான் இணைப்பு.

எல்லா விக்கிகளும் அப்படி மாறிவிடவில்லை. 2004இல் வந்த டிராக் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் திட்டங்களைப் பராமரிக்க நிரலாளர்களுக்காகச் செய்தது. அதன் கையேடு ஒவ்வொரு நிறுவலிலும் விக்கிப் பக்கங்களாகவே வந்து இறங்கும். கேமல்கேஸ் அங்கே தானாக இணைப்பாகும். பிழை எண்ணுக்கு முன்னால் # போட்டு எழுதினால் அதுவும் தானாக இணைப்பாகும். இது ரொம்ப வசதி, சந்தேகமே இல்லை. ஆனால் ஜாவா நிரலாளர்கள் தங்கள் நிரலில் வைக்கும் வகுப்புப் பெயர்கள் எல்லாம் கேமல்கேஸ்தானே! நிரலைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் அதில் ஏழெட்டுக் கேள்விக்குறிகள் முளைத்துவிடும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஆச்சரியக்குறி போட்டு "இது இணைப்பு இல்லை அப்பா" என்று நிரலுக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இதற்கு டிராக்கில் கொடுத்திருக்கும் தீர்வு கவனிக்க வேண்டியது. அமைவுக் கோப்பில் ஒரு வரி உண்டு. அதை இயக்கினால், தானாக உருவான கேமல்கேஸ் இணைப்புகளில் பக்கம் இல்லாதவை வெறும் சொல்லாகிவிடும், கேள்விக்குறி வராது. எழுதியவர் வேண்டுமென்றே கொடுத்த இணைப்பில் கை வைப்பதில்லை. இதுதான் சரியான பிரிவினை. கையால் போட்ட இணைப்புக்குப் பக்கம் இல்லையென்றால் அது யாரோ சொல்லிவைத்த ஒரு வாக்கு. நிரல் போட்ட இணைப்புக்குப் பக்கம் இல்லையென்றால் அது வெறும் விபத்து. இரண்டுக்கும் ஒரே கேள்விக்குறியைப் போட்டதால்தான் இத்தனை குழப்பமும்.

ஆண்ட்ரியாஸ் கோர் 2004இல் வெளியிட்ட டோக்குவிக்கியில் தானியங்கி இணைப்பு ஆரம்பத்திலேயே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அமைவுக் கோப்பில் அந்த வரிக்குப் பக்கத்தில் "எனக்கு இது பிடிக்கும்" என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு வேறு இருக்கும் :-) பிடித்தும் அணைத்து வைத்திருப்பது பெரிய மனசு. அதன் உதவிப் பக்கம் இன்னும் சுவாரசியம். தானியங்கி இணைப்பு இயங்குகிறதா என்று தெரிய வேண்டுமா, மென்பொருளின் பெயர் இணைப்பாகத் தெரிகிறதா பாருங்கள் என்று சொல்லியிருப்பார்கள். கையேடே சோதனை விளக்காகவும் எரிகிறது. அதே பக்கத்தில் இல்லாத பக்கத்துக்கான இணைப்பு எப்படித் தெரியும் என்றும் விளக்கம் உண்டு. இந்த மாதிரி விளக்கங்களுக்கெல்லாம் எப்போதும் இல்லாமலே இருக்கும் ஒரு பக்கம் தேவை! யாராவது நல்ல மனசோடு அந்தப் பக்கத்தை எழுதிவிட்டால் எடுத்துக்காட்டு கெட்டுப்போகும். ஒரு தலைப்பில் யாரும் பக்கம் தொடங்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதி மீடியாவிக்கியில் இருக்கிறது. வேறு காரணங்களுக்காக வந்த வசதி என்றாலும் இதற்கும் உதவும்.

இப்போது முதலில் சொன்ன உதவிப் பக்கத்துக்குத் திரும்பலாம். கல்லூரி ஆய்வக விக்கியைப் பராமரிக்கும் வேலை ஒரு மாணவியின் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு பதினொரு மணி. புதிய பதிப்புக்கு மாற்றுகிறாள். கையேட்டில் "முதலில் தரவுத்தளத்தை நகலெடுத்து வைக்கவும்" என்று இருக்கிறது, "நகலெடுத்து" என்ற சொல் சிவப்பு. எப்படி நகலெடுப்பது என்று எழுத நினைத்தவர் எழுதாமலே போய்விட்டார். சொடுக்கினால் வெற்றுப் பெட்டி வந்து, எழுது என்கிறது. கன்னிங்காமின் தளத்தில் கேள்விக்குறியைச் சொடுக்கியவர் விஷயம் தெரிந்த சக நிரலாளர். இங்கே சொடுக்குபவள் தெரியாததால்தான் சொடுக்கினாள். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு அந்தப் படியைத் தாண்டிப் போய்விட்டால் மூன்று வருடம் பலர் எழுதி வைத்த பக்கங்கள் போய்விடலாம். கலைக்களஞ்சியத்தில் இல்லாத பக்கம் அழைப்பிதழ். கையேட்டில் அது மாடிப்படியில் ஒரு படி காணாமல் போன மாதிரி.

மீடியாவிக்கிக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. தங்கள் தளத்தின் உதவிப் பக்கங்களை யார் வேண்டுமானாலும் தங்கள் விக்கிக்கு நகலெடுத்துக்கொள்ளும்படி உரிமை துறந்து கொடுத்திருக்கிறார்கள். நகலெடுத்துப் பார்த்தவர்களுக்கு அடுத்த சிக்கல் தெரியும். அங்கே நீலமாக இருந்ததெல்லாம் இங்கே சிவப்பாகிவிடும். பக்கம் வந்தது, அது நம்பியிருந்த வார்ப்புருக்களும் பக்கத்துப் பக்கங்களும் வரவில்லை. பின்னாளில் ஓரத்து உதவி இணைப்பையே நேராகத் தங்கள் தளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். எண்களைப் பார்த்துத் தானாக இணைப்பு போடும் வழக்கத்தையும் குறைத்துக்கொண்டார்கள். ஐஎஸ்பிஎன் என்று எழுதி எண் கொடுத்தால் தானாக இணைப்பாவது 2016இல் வந்த 1.28 பதிப்பிலிருந்து இயல்பாக அணைந்தே இருக்கிறது.

தமிழில் கேமல்கேஸை ஏன் எழுதிக் காட்ட முடியாது என்பது இதற்குள் புரிந்திருக்கும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. இந்தி, அரபு, ஜப்பான் மொழிகளுக்கும் அப்படியே. அடைப்புக்குறி வந்திராவிட்டால் 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிபீடியாவில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகவே வழி இருந்திருக்காது. அதனால் தமிழில் இருக்கும் எந்தச் சிவப்பு இணைப்பும் பெரிய எழுத்து செய்த விபத்து இல்லை. ஆனால் வேறு விபத்துகள் உண்டு. [[சென்னை]]யில் என்று எழுதினால் மென்பொருள் விகுதியையும் சேர்த்து இணைப்பாக்கிவிடும். தஞ்சாவூரில் என்பதை அப்படி எழுத முடியாது, புள்ளி போய் மேல்விலங்கு வந்துவிடுகிறது. [[தஞ்சாவூர்|தஞ்சாவூரில்]] என்று இரண்டு தடவை எழுத வேண்டும். சோம்பலில் ஒரே தடவை எழுதிவிட்டால், தஞ்சாவூருக்குப் பக்கம் இருந்தும் இணைப்பு சிவப்பு. கொ, கோ போன்ற எழுத்துகளை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்தாலும் மீடியாவிக்கி சமாளித்து ஒன்றாக்கிவிடும். ஸ்ரீ விஷயத்தில் அதுவும் கைவிட்டுவிடும். ஸகரத்தை வைத்து எழுதும் ஸ்ரீ ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்து எழுதுவது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றேபோல் இருக்கும், மென்பொருளுக்கு வேறு வேறு தலைப்பு. எழுதியவர் எத்தனை தடவை உற்றுப் பார்த்தாலும் பிழை தெரியாது.

மொழிபெயர்த்த கையேடுகளில் சிவப்பே தெரியாமல் இருக்கவும் ஒரு வழி இருக்கிறது. மீடியாவிக்கியின் சொந்தத் தளத்தில் உதவிப் பக்கங்களுக்குப் போகும் இணைப்புகள் பல, படிப்பவரின் மொழியில் பக்கம் இருந்தால் அதற்கும் இல்லையென்றால் ஆங்கிலப் பக்கத்துக்கும் கொண்டுபோகும்படி அமைந்தவை. இரவு பதினொரு மணிக்கு விழித்திருக்கும் அந்த மாணவிக்கு இது எவ்வளவோ மேல், வெற்றுப் பெட்டிக்குப் பதிலாக ஏதோ ஒரு பக்கமாவது வருகிறது. ஆனால் அந்த இணைப்பு எப்போதும் நீலம். தமிழ்ப் பக்கம் இல்லை என்று அது யாரிடமும் சொல்வதில்லை. பக்கத்தின் தலையில் இருக்கும் மொழிப் பட்டியலைப் போய்ப் பார்த்து, அதில் தமிழ் இல்லாததைத் தானே கவனிக்கிறவருக்குத்தான் தெரியும்.