நாலடி இடம் இருக்கா, சார்?

சென்னையில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பேட்டை உண்டு. கார் உதிரி பாகத்துக்குப் புதுப்பேட்டை, எலெக்ட்ரானிக்ஸுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். அழகு மீனுக்கு? கொளத்தூர்!

வில்லிவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். தெரு முழுக்கக் கண்ணாடித் தொட்டி. காற்றடைத்து ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் பைகளில் மீன் தொங்குகிறது. வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் தொட்டி கட்டி, மீன் வளர்த்தே குடும்பம் நடத்துகிறவர்கள் இந்தப் பக்கம் ஏராளம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர் ஒருவரோடு அங்கே போயிருந்தேன். மனிதர் புதுசாக ஃபிளாட் வாங்கியிருக்கிறார். யாரோ அவர் காதில், “பிளவர்ஹார்ன் வாங்கி வைங்க, அதிர்ஷ்டம் கொட்டும்” என்று ஓதிவிட்டார்கள். ஈ.எம்.ஐ. கட்டுகிற எவருக்குத்தான் அதிர்ஷ்டம் வேண்டாம்?

பிளவர்ஹார்ன் எந்த ஆற்றிலும் தானாகப் பிறந்த மீன் இல்லை. 1990-களில் மலேசியாவில், மத்திய அமெரிக்காவின் சிக்லிட் வகை மீன்களைக் கலந்து உண்டாக்கிய கலப்பினம். நெற்றியில் திமில் மாதிரி ஒரு புடைப்பு. அது பெரிசானால் அதிர்ஷ்டமும் பெரிசு என்று நம்பிக்கை. நம்ம ஊரில் அதற்கு ‘வாஸ்து மீன்’ என்று பெயர் வைத்துவிட்டோம்.

நண்பர் பார்த்த குட்டி இரண்டு அங்குலம் இருந்தது. “அந்த ரெண்டடித் தொட்டியே இதுக்கு பங்களா மாதிரி இருக்குமே!” என்றார்.

கடைக்காரர் சிரித்தார். “சார், இன்னிக்கு இருக்கிற மீனைப் பார்க்காதீங்க. அடுத்த வருஷ மீனைப் பாருங்க.”

நூற்றில் ஒரு வார்த்தை! நன்றாகத் தின்றால் இந்த மீன் ஒரு வருஷத்தில் எட்டு அங்குலத்தைத் தொடும். முழு வளர்ச்சியில் ஓர் அடி. ரெண்டடித் தொட்டியின் அகலமும் ஓர் அடிதான். ஓர் அடி மீன் அதில் எப்படி சார் திரும்பும்?

“தொட்டிக்குத் தகுந்த மாதிரிதானே மீன் வளரும்?” என்றார் நண்பர். எல்லோரும் சொல்கிற கதை இது. வளர்ச்சி குன்றும், வாஸ்தவம். ஆனால் அது அடக்கம் இல்லை, சீக்கு.

இன்னொரு சங்கதி, கழிவு. மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். அது விஷம். ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை குடியேறவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் முதலில் தொட்டி, தண்ணீர், ஃபில்டர். தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனம். மீன் அடுத்த மாசம்தான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதற்கான சொட்டு மருந்து கட்டாயம்.

கணக்கு இதுதான்: 2 x 1 x 1 அடித் தொட்டியில் 57 லிட்டர் பிடிக்கும். 4 x 1½ x 1½ அடியில் 255 லிட்டர். அதே கழிவு, நாலரை மடங்கு தண்ணீர். ஒரு பிளவர்ஹார்னுக்கு நாலடிதான் நியாயம். அதுவும் தனிக்குடித்தனம். துணைக்கு கோல்ட்ஃபிஷ் விட்டால், அது துணை இல்லை... டிபன்!

செடி வைத்தால் பிடுங்கும், மணலைத் தோண்டும், துள்ளும். அதனால் உள்ளே அலங்காரம் வேண்டாம், மேலே மூடி வேண்டும்.

255 லிட்டர் என்றால் 255 கிலோ. கண்ணாடி, ஸ்டாண்டு சேர்த்தால் 300-ஐத் தாண்டும். ஹால் நடுவில் வைக்காமல் பீம் ஓடுகிற சுவரை ஒட்டி, தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் போட்டு, மட்டம் பார்த்து வைக்க வேண்டும். வாரா வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றணும். பெரிய பக்கெட்டில் நாலு. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்துக்கு முழுக்கு!

இத்தனைக்கும் இந்த மீன் பத்து வருஷம் இருக்கக் கூடியது. பத்து வருஷத்தில் ஒரு பேச்சுலர் எத்தனை வீடு மாறுவான்? ஒவ்வொரு ஹவுஸ் ஓனரிடமும், “நான், என் நண்பன், ஒரு நாலடித் தொட்டி” என்று சொல்லிப் பாருங்கள். மறுநாளே ‘டு லெட்’ போர்டு மறுபடி தொங்கும்.

சமாளிக்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? கொண்டுபோய் ஏரியில் விடுகிறார்கள். கொளத்தூருக்குப் பக்கத்திலேயே ரெட்டேரி இருக்கிறதே என்று யோசனை வேண்டாம். நம்ம ஊர் மீனையும் குஞ்சையும் இது விழுங்கும். சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் இப்படி விட்டது பெருகிக் கிடக்கிறது.

நண்பர் வீட்டுக்குப் போன் போட்டு, மனைவியிடம் சுவரை அளக்கச் சொன்னார். ஷோகேஸுக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவில் மூன்றடி ரெண்டு அங்குலம்.

“ஷோகேஸை எடுத்துடலாமா?” என்றார், போனில். பதில் எனக்குக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

ரெண்டடித் தொட்டி வாங்கினார். அடுத்த மாசம் அதில் ஆறு கப்பி மீன் விடப் போகிறார். அவை இரண்டு அங்குலத்தை எட்டினாலே அதிகம். நிஜமாகவே அவற்றுக்கு அது பங்களாதான்.

நீங்களும் பிளவர்ஹார்ன் வாங்கக் கிளம்புகிறீர்களா? பர்ஸை எடுப்பதற்கு முன்னால் இஞ்ச் டேப்பை எடுங்கள். அதிர்ஷ்டம் நமக்கு வருமோ வராதோ, நம்ம வீட்டுக்கு வருகிற மீனுக்காவது கொஞ்சம் இருக்கட்டும், சார்.